துண்டு போட்ட இடம்

வீப்கே கண் விழித்தபோது பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அதில் பயப்பட ஒன்றுமில்லை. இந்த ஸ்பானியத் தீவுக்கு வந்ததிலிருந்தே அவள் கணவன் ஓன்னோ விடியும் முன் எழுந்துவிடுவான். இரண்டு துண்டுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய், முதல் வரிசையில் இரண்டு சாய்வுக்கட்டில்களில் விரித்து, கிளிப் போட்டு இடம் பிடிப்பான். திரும்பும்போது அவளுக்கு ஒரு காபி கொண்டுவருவான். அப்படி இடம் பிடிக்கக் கூடாது என்று விடுதிக்காரர்கள் நாலைந்து மொழிகளில் பலகை வைத்திருந்தார்கள். அந்தப் பலகையின் மேலேயே யாரோ ஒரு துண்டைக் காயப்போட்டிருந்தார்கள்.

இன்று காபி வரவில்லை.

அவள் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்ப் பார்த்தாள். முட்டைக்காக நின்ற வரிசையில் அவன் இல்லை. பன்றிக்கறி வறுவல் தட்டின் பக்கமும் இல்லை. இலையுதிர் காலத்தில் அவன் இதயக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்த மருத்துவர், "வெயிலில் போய்ச் சும்மா படுத்திருங்கள்" என்று சொன்னதால்தான் வட ஜெர்மனிக் கரையில் இருக்கும் எம்டன் ஊரின் ஜனவரிச் சேற்றை விட்டு இங்கே வந்திருந்தார்கள். சாப்பாடு, பீர், வெயில் எல்லாம் கட்டணத்தில் அடக்கம்; அதற்கு அடையாளமாக விடுதிக்காரர்கள் மணிக்கட்டில் மஞ்சள் கைப்பட்டை கட்டிவிட்டிருந்தார்கள். வீப்கே போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. அவள் கூட இல்லாமல் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது.

"கடலைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா?" என்று கேட்டிருந்தான் ஓன்னோ.

அவர்கள் ஊர்க் கடல் சேற்றை விட்டு விலகிப் போகும், வேளை வந்தால் திரும்பி வரும். எப்போது எதுவரை நடக்கலாம் என்று அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே அத்துப்படி. இங்கே இருக்கிற கடலோ பக்கவாட்டில் இழுக்கிறது.

கடற்கரையில், கடலில் இறங்கக் கூடாது என்பதற்கான சிவப்புக் கொடி பறந்துகொண்டிருந்தது. அவர்களுடைய நீலக் கோடு போட்ட துண்டுகள் சுருக்கமில்லாமல் விரித்துக் கிடந்தன. ஒன்றின் மேல் அவன் கண்ணாடி. கட்டிலுக்கு அடியில் செருப்பு. இடது செருப்புக்குள் ஒரு சின்ன டப்பா.

வீப்கே அந்த டப்பாவைக் கையில் எடுத்தாள். அது அவன் காது மிஷின் வைக்கும் டப்பா. குளிக்கவும் நீந்தவும் மட்டும்தான் அதைக் கழற்றுவான். கழற்றிவிட்டால் பக்கத்தில் நின்று விசில் அடித்தாலும் அவனுக்குக் கேட்காது.

"என்ன வீப்கே, உங்க ஆளு இடத்தைப் பிடிச்சுட்டு மறுபடி தூங்கப் போயிட்டாரா?" அடுத்த கட்டிலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்த ரோஸ்விதா சிரித்தாள். ஜெர்மனியில் காஸல் ஊர்க்காரி. ஓன்னோவோடு தினமும் இடத்துக்குப் போட்டி போடுகிறவள். "நாளைக்கு நான் ராத்திரியே வந்து இங்க படுத்துக்கப் போறேன், சொல்லிடுங்க!"

"அவனைப் பார்த்தீங்களா?"

"இல்லையே. நாங்க வந்தப்பவே துண்டு கிடந்துச்சு."

"ஆளு?"

"துண்டு கிடந்தா ஆளு எங்கயோ இருக்காருன்னுதானே..." சொல்லிக்கொண்டே வந்தவள் செருப்பைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள். எண்ணெய்க் கை அப்படியே நின்றுவிட்டது.

"என் புருஷன் கடல்ல இறங்கிட்டான்!" என்று கத்திக்கொண்டே வீப்கே மணலில் ஓடினாள். நீந்துவோரைக் காக்கும் காவல் மேடையிலிருந்து யெராய் என்ற இளைஞன் கீழே குதித்தான். அவன் இந்தத் தீவிலேயே பிறந்தவன். வந்து வந்து போகும் கூட்டத்திடமிருந்து ஜெர்மன் கற்றுக்கொண்டவன்.

"எப்பம்மா இறங்கினாரு?"

"தெரியல!"

"நான் வர்றப்ப தண்ணில யாருமில்ல. வந்ததும் கொடியை மாத்திட்டேன்." அவன் வரிசையைக் கை காட்டினான். அதில் பாதிக் கட்டில்கள் காலி. எல்லாவற்றிலும் துண்டு. எல்லாவற்றுக்கும் கீழே செருப்பு. "தினமும் இப்படித்தாம்மா கிடக்கு. இதுல யாரு ரூம்ல மெத்தையில, யாரு கடல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் வயர்லெஸ்ஸில் ஸ்பானிய மொழியில் படபடவென்று பேசினான். நீச்சல் குளத்துப் பக்கம் உடற்பயிற்சிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் ஒலிபெருக்கியில் கையைத் தூக்கச் சொன்னாள். தூரத்தில் அலை நடுவே ஒரு தலை தெரிந்தது. "ஓன்னோ!" வீப்கே உடையோடு தண்ணீரில் இறங்கினாள். இடுப்பளவு வருவதற்குள் காலடி மணல் உருவிக்கொண்டு போனது. யெராய் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"அது மிதவைம்மா! பாருங்க, மிதவை!"

மிதவைதான். அது ஆடிக்கொண்டே இருந்தது.

வயர்லெஸ் கரகரத்தது. யெராய் கேட்டுக்கொண்டே அவளைத் திரும்பிப் பார்த்தான். "அவரு கைப்பட்டை என்ன கலரு?"

"மஞ்சள். என்ன சொல்றாங்க?"

"உட்காருங்கம்மா."

"எதுக்கு உட்காரச் சொல்ற? செத்துட்டானா? சொல்லுடா!"

"ஜீப்புல உட்காருங்கம்மா, போகலாம்!"

பாறைக்கு அந்தப் பக்கம் வேறொரு விடுதி. அங்கும் முதல் வரிசை, அங்கும் துண்டுகள். ஒரு கட்டிலைச் சுற்றி நாலு பேர் நின்றிருந்தார்கள். சிவப்புத் துண்டுக்கு வெளியே இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. வெளுத்துப்போன, மணல் ஒட்டிய பாதங்கள். துண்டு முகத்தை மூடியிருந்தது.

அவளால் ஜீப்பிலிருந்து இறங்க முடியவில்லை.

கூட்டத்தில் ஒரு பெண்மணி ஜெர்மனில் இரைந்துகொண்டிருந்தாள். "விடியறதுக்கு முன்னாடியே துண்டு போட்ட இடங்க இது! சாப்பிட்டுட்டு வர்றேன், யாரோ என் துண்டையே போத்திப் படுத்திருக்காரு. கைப்பட்டை வேற கலரு. கூப்பிட்டா அசையறதே இல்ல!"

துண்டு அசைந்தது. உள்ளிருந்து இருமல் வந்தது.

அப்புறம் வீப்கே எப்படி இறங்கினாள், யாரைத் தள்ளிக்கொண்டு போனாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஓன்னோவின் உதடு நீலம் பாரித்திருந்தது. பாறையில் தவழ்ந்து ஏறியதில் முழங்கால்கள் கிழிந்திருந்தன. அந்தப் பெண்மணி தன் துண்டைப் பார்த்தாள், அவன் காலிலிருந்து வழிந்த ரத்தத்தைப் பார்த்தாள். தன் மேலங்கியைக் கழற்றி அவன் மேல் போர்த்தினாள்.

வீப்கே அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். டப்பாவைத் திறந்து மிஷினை அவன் காதில் பொருத்த இரண்டு முறை முயன்றாள். மூன்றாவது முறை பொருந்தியது.

"முழங்கால் வரைக்கும்தான் போனேன்," என்றான். பல் தந்தியடித்தது. "கீழ மணல் போயிடுச்சு. கத்தினேன் வீப்கே. எவ்வளவு கத்தினேன்னு... நான் கத்தினது எனக்கே கேக்கல."

மருத்துவமனையில் அவனை இரவு முழுக்க வைத்திருந்து இதயத்தைச் சோதித்தார்கள். பழுதில்லை என்றார்கள்.

மறுநாள் விடியற்காலையில் அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போது வீப்கே விடுதிக்கு வந்தாள், மாற்றுத் துணி எடுத்துப் போக. அறைக்குப் போகாமல் கால்கள் கடற்கரைக்குப் போயின. பச்சைக் கொடி. கடல் சமர்த்தாக இருந்தது. வரிசை நெடுக யாருமில்லாத துண்டுகள். ஒரு கட்டிலுக்கு அடியில் சின்னஞ்சிறு பூப்போட்ட செருப்பு ஜோடி.

அவள் அந்தக் கட்டில் பக்கத்தில் நின்றாள். நகர முடியவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருவர் கையில் காபியோடு, தோளில் தூங்கி வழியும் மகளோடு வந்தார். "இது எங்க இடங்க," என்றார் கொஞ்சம் முறைப்பாக. "துண்டு போட்டிருக்கோமே."

"இடம் வேண்டாங்க," என்றாள் வீப்கே. "நீங்க வந்துட்டீங்க இல்ல, அது போதும்."

அவர் ஒன்றும் புரியாமல் விழிக்க, அவள் அடுத்த துண்டின் பக்கத்தில் போய், அதன் ஆளும் வரட்டும் என்று நின்றுகொண்டாள்.