மூன்றாவது செயின்

ஒரு விஷயம் புரியவில்லை என்றால் எனக்குச் சோறு இறங்காது. அக்டோபரிலிருந்து என் சைக்கிள் அப்படித்தான் என்னைப் படுத்திக்கொண்டிருந்தது.

லகாட்டில் எங்கள் வீட்டிலிருந்து நான் வேலை செய்யும் பிளாஸ்டிக் கம்பெனி நாலு கிலோமீட்டர். கம்பெனி வேன் உண்டு. ஆனாலும் சைக்கிள் மிதிக்கும் அந்த இருபது நிமிடம்தான் என்னுடையது. யாருக்கும் சோறு போட வேண்டாம், யார் சட்டையையும் தேட வேண்டாம். மழைக்காலம் தொடங்கியதும் தினமும் துடைத்தேன், செயினுக்கு எண்ணெய் விட்டேன், கூரைக்கடியில் நிறுத்தினேன். அப்படியும் இரண்டே மாதத்தில் இரண்டு செயின் துருப்பிடித்து அறுந்தது.

என் வீட்டுக்காரர் தர்மா லோரி ஓட்டுகிறார். மூன்றாவதும் அறுந்தால் சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு நான் வேனில் போக வேண்டும் என்றார். ரோஷத்தில் நானும் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

பக்கத்து வீட்டுப் பெட்ரீசியா தன் சைக்கிளைத் துடைப்பதே இல்லை. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மழை என்ன, ஆள் பார்த்தா பெய்கிறது? என் சைக்கிளிலும் ஹேண்டில் பளபளவென்றுதான் இருந்தது. சீட்டுக்குக் கீழேதான் துரு.

ஒரு சனிக்கிழமை முக்காலியைப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். மூன்றாவது செயினும் சிவக்க ஆரம்பித்திருந்தது. சீட்டுக் கம்பியில் வெள்ளையாக ஒரு கோடு இறங்கியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு! கடல் எங்கே, லகாட் எங்கே?

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். சீட்டு ஸ்பிரிங்குக்கு நடுவே, துடைக்கும்போது என் கை போகாத இடத்தில், கறுப்புத் துணியில் ஒரு சின்ன மூட்டை. உள்ளே மூன்று காய்ந்த மிளகாயும் பாதி கரைந்த கல் உப்பும். எவளோ செய்வினை வைத்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் துணியைப் பார்த்தேன். தர்மாவின் கிழிந்த டீ-சட்டை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே என் சைக்கிளைக் கெடுத்திருக்கிறார்! சாயங்காலம் அவர் தேநீருக்குப் பக்கத்தில் மூட்டையை வைத்தேன்.

அவர் மறைக்கவில்லை. இந்த வயதிலும் உன் பெண்டாட்டி சைக்கிளில் பறக்கிறாளே என்று ஆளாளுக்குச் சொன்னார்களாம். கண் பட்டுவிடும் என்று கட்டினாராம். சொந்த அம்மா உப்புச் சுற்றிப் போட்டபோது கேலி செய்த மனுஷன்! ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பார்ப்பாராம், உப்பு கரைந்திருக்குமாம். இவ்வளவு சீக்கிரம் கரைகிறதென்றால் எவ்வளவு பெரிய கண்ணோ என்று மறுவாரம் இன்னும் அதிகமாக வைப்பாராம். செயின் அறுந்ததும் பயம் உறுதியாகிவிட்டது.

"மழையில உப்பு கரையாம என்னங்க செய்யும்? அந்த உப்புத் தண்ணி ஒழுகித்தான் செயின் துருப்பிடிக்குது" என்றேன்.

அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை. எனக்கோ சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. மூடி போட்ட சின்னப் போத்தலில் கல் உப்பை நிரப்பி அதே இடத்தில் கட்டினேன். மூடியிருந்தால் கண் உள்ளே போகாதே என்றார். ஊரையே தாண்டி வரும் கண்ணுக்கு ஒரு மூடியா தடை என்று கேட்டேன். கரைந்திருந்தால் நானே வேனில் போகிறேன் என்றும் சொன்னேன்.

அந்த வாரம் ஒரு நாள் விடாமல் மழை. வெள்ளிக்கிழமை அவரே மூடியைத் திருகி உப்பை உள்ளங்கையில் கொட்டினார். கலகலவென்று விழுந்தது. ஒரு கல்கூடக் கரையவில்லை. வசமாக மாட்டினார், நன்றாகச் சிரிக்கலாம் என்று காத்திருந்தேன்.

அவர் உப்பைக் கீழே போடவில்லை. கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தினமும் லோரிய ஓரங்கட்டிட்டு உனக்கு போன் அடிக்கிறேனே, சோறு ஆக்கிட்டியான்னு. சோத்துக்கு இல்ல லா, ஷாமினி. நீ வீடு வந்து சேந்துட்டியான்னுதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முக்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.