இரும்பு எருமையும் மூன்று நம்பரும்

“கால் ஒடஞ்சு ரோட்டுல கெடக்குறேன். ‘ஐயோ’ன்னு ஓடி வராம, குனிஞ்சு வண்டி நம்பரப் பாத்தியேடி! நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியா?”

“குடிச்சுட்டு கரண்டு கம்பத்தக் கட்டிப்புடிச்ச ஆளுக்கு ரோசத்தப் பாரு! நான் மட்டுமா பாத்தேன்? ஊரே பாத்துச்சுய்யா!”

இரண்டாவதாகச் சொன்னது உண்மை. அந்தத் தெருவில் யாராவது வண்டியோடு விழுந்தால், முதலில் நம்பர் பலகையைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் விழுந்தவரைப் பார்ப்பார்கள். விழுந்த வண்டியின் நம்பருக்கு அதிர்ஷ்டம் உண்டு என்று, மறுநாள் கள்ள லாட்டரிக்காரனிடம் எல்லோரும் அதே மூன்று நம்பரைச் சொல்வார்கள். ஆனால் விழுந்தவனின் மனைவியாக இருந்தும் வரிசையில் முதல் ஆளாக நின்றது புவாலை ஒருத்திதான்.

கணவன் தோங்தாம், மரக்கால்கள் மேல் நின்ற வீட்டுக்கு அடியில், கால்களுக்கிடையே கட்டிய வலைத் தூளியில், மாவுக்கட்டுப் போட்ட காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தான். புவாலை எதிரே உட்கார்ந்து உரலில் பப்பாளிக்காயை இடித்துக்கொண்டிருந்தாள். அவள் கோபம் எவ்வளவு என்பதை உலக்கைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். எதிர்வீட்டுக் கம்லாய் அரைமணி நேரமாகப் பெருக்கிய இடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை தவறிவிடக் கூடாதே என்கிற அக்கறை.

வண்டியின் நம்பர் 427. அதற்காகப் புவாலை வட்டிக்கார சம்லியிடம் மூவாயிரம் பாட் புதிதாக வாங்கிக் கட்டினாள். குலுக்கலில் விழுந்தது 472. “அடடா, தொட்டுட்டுப் போயிருச்சே!” என்று தெருவே சொன்னது. எந்த நம்பர் விழுந்தாலும் தெரு அதைத்தான் சொல்லும்.

“அந்த மூவாயிரத்துல எனக்கு மாத்திரை வாங்கியிருக்கலாம்” என்றான் தோங்தாம்.

“உன் சாராயக் காசுல இந்த மூணு வருஷத்துல ஆஸ்பத்திரியே கட்டியிருக்கலாம்!”

அந்த நேரம் பார்த்து மகள் மாலி டவுன் கடை வேலை முடிந்து வந்து இறங்கினாள். கையில் வழக்கம்போல ஒரு முழம் உயர கப்பில் ஆரஞ்சு நிறப் பால் டீ, பாதிக்கு ஐஸ், மீதிக்குச் சர்க்கரை. “ரெண்டு பேரும் நிறுத்துறீங்களா? முக்குக் கடை வரைக்கும் கேக்குது. மானமே போகுது.”

“வாம்மா மகாராணி. அம்பது பாட் தண்ணிய உறிஞ்சிக்கிட்டு எங்களுக்கு மானம் சொல்லித் தர்றியா?” என்றாள் தாய். “உன் போனுக்குத் தவணை யாரு கட்டுறா? ஆஸ்பத்திரில நர்சு என்ன சொல்லுச்சு? இருபத்திரண்டு வயசுல சர்க்கரை வாசப்படியில வந்து நிக்குதாம்.”

மாலி கப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அப்பாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் மூவரையும் சோதித்துப் பார்த்திருந்தார்கள். அப்பாவுக்கு ஈரல் வீக்கம், அம்மாவுக்கு ரத்த அழுத்தம், இவளுக்குச் சர்க்கரை. நோயிலாவது குடும்பம் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டது என்று கம்லாய் தெருவில் சொல்லிச் சிரித்தாள்.

கடன் நேற்று வந்ததல்ல. புவாலையின் அப்பா செத்தபோது மூன்று நாள் வந்தவர்களுக்கெல்லாம் மாட்டிறைச்சியும் சாராயமும் வைத்தார்கள். வைக்காவிட்டால் ஊர் என்ன சொல்லும்? ஊர் நன்றாகத் தின்றது, குடித்தது, ஒன்றும் சொல்லாமல் போனது. அன்று வாங்கிய கடனின் மேல் அவன் குடி, அவள் லாட்டரி, மகளின் போன் என்று ஒவ்வொன்றாக ஏறி, இப்போது பதினெட்டாயிரத்தில் நின்றது. நூற்றுக்குப் பத்து வட்டி, மாதத்துக்கு. ஈடாக இருந்தது இரும்பு எருமை: வயல் உழும் கைப்பிடி டிராக்டர். அதுதான் அந்த வீட்டின் சோறு.

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சம்லி இறங்கினாள். கழுத்தில் தங்கம், முகத்தில் பவுடர், வாயில் எப்போதும் அன்பு.

“கால் எப்படியிருக்கு தம்பி? பாவம்” என்று விசாரித்துக்கொண்டே நேராக டிராக்டரிடம் போய் அதன் மூக்கைத் தட்டிப் பார்த்தாள். “தப்பா நெனைக்காத புவாலை. மழைக்கால நோன்பு ஆரம்பிக்கிற அன்னைக்குக் காசு வரலன்னா, மறுநாள் காலைல நான் எருமைய ஓட்டிட்டுப் போயிருவேன். நல்லவேளை, இதுக்குப் புல்லு போட வேணாம்.”

“அக்கா, உழவு ஆரம்பிக்கிற நேரம்…”

“அதனாலதான் நல்ல வெலைக்குப் போகும்.”

அவள் போன பிறகு புவாலை உலக்கையை உரலிலேயே போட்டுவிட்டாள். கம்லாய்கூட விளக்குமாற்றை ஓரமாக வைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் புவாலை ஒரு முடிவுக்கு வந்தாள். எல்லாவற்றுக்கும் காரணம் குடி. இவனைக் கோயிலுக்கு இழுத்துப்போய், ஊர் முன்னால் மழைக்கால நோன்பு மூன்று மாதமும் குடிக்க மாட்டேன் என்று சொல்ல வைத்துவிட்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. மீதிப் பாதி என்ன என்று அவள் யோசிக்கவில்லை.

நோன்பு தொடங்கும் நாள் கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் சம்லி. ஊரிலேயே பெரிய மெழுகுவர்த்தி அவள் காணிக்கைதான். ஊர்த்தலைவர் மைக்கில் பெயர் கூப்பிட, குடியை விடுகிறவர்கள் ஒவ்வொருவராகப் போய் பிக்குவின் முன் மண்டியிட்டார்கள். போன வருஷம் விட்டவர்களே இந்த வருஷமும் விட்டார்கள். தோங்தாம் ஊன்றுகோலோடு போனான். மண்டியிட முடியாமல் நின்றபடியே கைகூப்பினான்.

“விட்டுர்றேன் சாமி. ஆனா ஒண்ணு. எங்க வீட்டுக் கடன் நான் ஒருத்தன் குடிச்சு ஏறினதில்ல. என் பொண்டாட்டி லாட்டரிய விடணும். அவ விட்டா நானும் விடுறேன். இல்லன்னா எனக்கு மட்டும் எதுக்கு இந்த வேஷம்?”

மண்டபமே சிரித்தது. புவாலைக்குக் காது வரை சூடேறியது. வீட்டுக்குள் இருபது வருஷத்துக்கு மேல் திட்டு வாங்கியிருக்கிறாள். மைக்கில் வாங்கியது இதுதான் முதல் தடவை.

“நோன்புக்கு லாட்டரிய விடுறதா? அப்படி யாரும் விட்டதில்லயே சாமி!” என்று எழுந்து கத்தினாள்.

“விடக் கூடாதுன்னும் விதி இல்லயேம்மா” என்றார் பிக்கு சாவகாசமாக. “நீங்கள்லாம் விட்டா, நீங்க பாத்துக் கட்டிரக் கூடாதுன்னு என் வேன் நம்பர் பலகைய மூடியிருக்கிற துணிய நானும் எடுத்துருவேன்.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் திடீரென்று பலருக்கும் செருப்பு தேட வேண்டியிருந்தது. புவாலை விட்டால் அடுத்து தங்களைக் கேட்பார்களே! சம்லி மட்டும் மெல்லச் சொன்னாள்: “எல்லாரும் எல்லாத்தையும் விட்டா நான் எப்படிப் பொழைக்கிறது சாமி?”

அந்தச் சொல்தான் புவாலையைக் குத்தியது. அவள் கணவனைப் பார்த்தாள். மாவுக்கட்டில் சேறு, கக்கத்தில் ஊன்றுகோல். கேலிக்காகச் சொன்னான் என்று நினைத்திருந்தாள். அவன் கண்ணில் கேலி இல்லை, தனியாக விட முடியாதோ என்கிற பயம்தான் இருந்தது. அவள் விறுவிறுவென்று போய் அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். “விட்டேன். இப்ப திருப்தியா?” பின்னாலிருந்து மாலி, “நான் பால் டீய விடுறேன்” என்று சொன்னதை மைக் பிடிக்கவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டுவிட்டார்கள், அது போதும்.

நோன்பு எடுத்தால் கடன் தானாகத் தீராது. அன்று மாலையே மூவரும் சேர்ந்து சம்லி வீட்டுக்குப் போனார்கள். இதுவரை ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் போன வீடு அது. மூவரையும் ஒன்றாக வாசலில் பார்த்ததும் சம்லி கொஞ்சம் மிரண்டுதான் போனாள்.

“அக்கா, நீங்க வாங்குற வட்டி சட்டத்துக்கு ரொம்ப மேல” என்றாள் மாலி. “மாவட்ட ஆபீஸ்ல கடன் பேசித் தீக்க ஆள் ஒக்காந்திருக்காங்களாம். அங்க போய்ப் பேசலாமா, இங்கயே பேசலாமா?”

“மெரட்டுறியா?”

“இல்லக்கா. எங்கன்னுதான் கேக்குறேன்.”

சம்லி விசிறியால் விசிறிக்கொண்டு யோசித்தாள். பழைய டிராக்டரை விற்பதைவிட மாதாமாதம் வருகிற காசு மேல் என்று அவளுக்கும் தெரியும். அசலை ஆறு தவணையாகக் கட்டுவது, இனி வட்டி கிடையாது என்று பேச்சு முடிந்தது. “ஒரு தவணை தவறினாலும் எருமை என்னோடது” என்றாள்.

கால் ஒடிந்தவன் வரப்பில் உட்கார்ந்து கத்த, மாலியும் புவாலையும் மாறி மாறி உழுதார்கள். எருமை நேராகப் போகவே இல்லை. “பாம்பு ஊர்ந்த மாதிரி உழுறீங்களே” என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். முதல் மாதம் அவனுக்குக் கை நடுங்கியது, எரிச்சல் வந்தது. ஒருநாள் ஊன்றுகோலோடு சாராயக் கடை வரை போய்விட்டு, மகள் சேற்றில் நிற்பது கண்முன் வர, ஒரு சோடாவோடு திரும்பினான். மாலி இரண்டு தடவை திருட்டுத்தனமாகப் பால் டீ குடித்தாள். நாக்கு ஆரஞ்சாக இருந்ததால் மாட்டிக்கொண்டாள். புவாலைக்குக் கனவில் பாம்பு வந்தது, தாமரை வந்தது, செத்த அப்பா நம்பரோடு வந்தார். காலையில் எழுந்து கனவை யாரிடமும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டாள். தவணை மட்டும் தவறவில்லை.

இரண்டாவது மாதம், குலுக்கல் நாளில், கம்லாய் தெருவே அதிரக் கத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

“427! உன் புருஷன் நம்பர்! நேரா விழுந்திருச்சுடி! சும்மா இருபது பாட் போட்டேன்!”

புவாலை கையில் இருந்த சோற்றுக்கூடையைக் கீழே வைத்தாள். தூளியில் இருந்த தோங்தாம் எழுந்து உட்கார்ந்தான். ‘உன்னாலதானே, உன் பேச்சாலதானே’ என்று வாங்கப்போகும் திட்டுக்கெல்லாம் அவன் தயாராக இருந்தான். அவள் டிராக்டரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

“நல்லவேளைய்யா” என்றாள். “இன்னிக்கு இது எனக்கு விழுந்திருந்தா, சாகுற வரைக்கும் நான் நிறுத்தியிருக்க மாட்டேன்.”

கம்லாய் வீட்டில் அன்று பன்றி வறுவல், பீர், பாட்டு. தெருவே சாப்பிட்டது; புவாலை வீடும் வறுவலை மட்டும் சாப்பிட்டது. அடுத்த குலுக்கலுக்குக் கம்லாய் ஆயிரம் போட்டாள், அதற்கடுத்து இரண்டாயிரம். நோன்பு முடிவதற்குள் சம்லியின் மோட்டார் சைக்கிள் எதிர்வீட்டு வாசலில் நிற்கத் தொடங்கியது. இப்போது வாசலைப் பெருக்குவது புவாலையின் முறை. அவளும் மனுஷிதானே, பெருக்கிய இடத்தையே பெருக்கினாள்.

நோன்பு முடிந்த அன்று கோயில் வாசலில் தோங்தாமின் கூட்டாளிகள் பாட்டிலோடு காத்திருந்தார்கள். பக்கத்திலேயே லாட்டரிக்காரனும் நின்றான்.

“முடிஞ்சுதுல்ல மாப்ள, வா!”

தோங்தாம் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். பதில் சொன்னது புவாலைதான், ஊருக்கே கேட்கும்படி:

“குடி அவனோடது, லாட்டரி என்னோடது, டீ அவளோடதுன்னு இத்தன வருஷமா ஒருத்தர ஒருத்தர் கை காட்டிக்கிட்டே இருந்தோம்யா. கடன் வந்தப்ப யாரோடதுன்னு பிரிச்சா வந்துச்சு? வீட்டோட வாசல்லதான் வந்து நின்னுச்சு. ஒருத்தன மட்டும் திருத்திக் கடன அடைக்க முடியாது. வீடே சேந்து விட்டாத்தான் அதுவும் வீட்ட விட்டுப் போகும். மூணு தவணை போயிருக்கு, இன்னும் மூணு பாக்கி. வழிய விடுங்க.”

அறுப்பு முடிந்ததும் மீதிக் கடனும் அடைந்தது. உழவின்போது மக்கர் செய்த எருமையைப் பழுதுபார்க்க வந்த மெக்கானிக் வீராவை அடுத்த வருஷம் மாலி கட்டிக்கொண்டாள். அந்த ஊர் வழக்கப்படி அவன்தான் ஸ்பானர் பெட்டியோடு பெண் வீட்டுக்குக் குடிவந்தான். கல்யாணத்தில் சாராயம் வைக்கவில்லை என்று தெரு இன்றைக்கும் முணுமுணுக்கிறது. கம்லாய் வீட்டைப் பூட்டிவிட்டு பாங்காக்கில் இருக்கும் மகளிடம் போய்விட்டாள். சம்லி வாரம் ஒரு முறை அந்தப் பூட்டை வந்து ஆட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் வேன் வந்து நின்றபோது தெருவே குனிந்து நம்பரைப் பார்த்தது. புவாலை மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், கழுத்து வலிக்கும் வரை.