மந்திரித்த உருளை

1

இந்தக் கதை எனக்குக் கல்யாணப் பந்தியில் கிடைத்தது. போன தை மாதம், வரதராசன்பேட்டையில். எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆரோக்கியசெல்வம் எங்கள் பங்காளி வீட்டுப் பையன். வாய் மட்டும் பையன் இல்லை. என் தம்பி சவரியார் எந்திரம் வாங்கியதைச் சொல்லி ஒரு வரிசையையே சிரிக்க வைத்தான். எனக்குப் பாயசம் இறங்கவில்லை. குடும்ப மானத்தைக் காப்பாற்ற நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது என்று கை கழுவும்போதே முடிவு செய்தேன். எழுத எழுதத்தான் தெரிகிறது, அவன் எங்களுக்குக் கொஞ்சம் சலுகை காட்டியிருக்கிறான்.

2

முதல் தொடக்கம்: "ஏலாக்குறிச்சி வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகப் பேர்பெற்ற குடும்பம் ஒன்றில்—"

(விட்டுவிட்டேன். எதற்குப் பேர்பெற்றது என்று யாராவது கேட்பார்கள்.)

இரண்டாவது: "அறிவியல் மனித குலத்துக்கு அளித்த கொடைகளுள்—"

(பள்ளிக்கூடத்தில் நான் சிவப்பு மையால் அடித்த கட்டுரைகளின் வாடை.)

மூன்றாவது: போன வருடம், 1984. சவரியாரும் அவர் மனைவி அற்புதம்மாளும் ஒரு கொட்டகையில் தக்காளியைக் கூழாக்கி டவுன் ஓட்டல்களுக்கு அனுப்பிவந்தார்கள். உரிமம் கொடுக்கும் அதிகாரி வந்து பார்த்தார். சிமெண்டுத் தொட்டியில், ஒரே தண்ணீரில், பெண்கள் பழத்தை அலசிக்கொண்டிருந்தார்கள்.

"ஓடுற தண்ணியில கழுவுற எந்திரம் வைங்க. அடுத்த மாசம் வருவேன். இல்லாட்டி உரிமம் கிடையாது, கொட்டகையைப் பூட்டிட வேண்டியதுதான்."

அதற்குள் அற்புதம்மாள் அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் எல்லாம் விளைவதை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவைத்து, அவள் வாக்கை நம்பித் தக்காளி காய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. கொட்டகை பூட்டினால் அது அத்தனையும் செடியிலேயே அழுகும். அவள் வாக்கும்தான்.

இதுதான் தொடக்கம். இதில் மானத்தைக் காப்பாற்றும் வாக்கியம் ஒன்றும் இல்லை. கவனித்தேன்.

3

கோயமுத்தூர்ப் பட்டறை ஒன்றில் சவரியாருக்கு இரண்டு எந்திரங்களைக் காட்டினார்கள்.

ஒன்று நீளத் தொட்டி. அடியிலிருந்து காற்று குமிழ் குமிழாய் வரும். பழம் மிதந்து புரண்டு, மறுமுனையில் நல்ல தண்ணீர்த் தூறலில் நனைந்து வெளியேறும். மற்றொன்று ஓட்டை போட்ட இரும்பு உருளை. உள்ளே குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்ச, போட்டதையெல்லாம் உருட்டிப் புரட்டிச் சுழலும். அதன் சத்தம் மூன்று கடை தள்ளிக் கேட்டது.

"கெழங்குக்கு உருளைங்க. பழத்துக்குத் தொட்டிங்க," என்றார் பட்டறைக்காரர்.

சவரியார் யோசித்தார். (இங்கே 'ஆழ்ந்து' என்று எழுதி அடித்தேன்.) தொட்டியில் கழுவாதே என்றுதானே அதிகாரி சொன்னார்? கோயமுத்தூர் வரை வந்துவிட்டு ஒரு தொட்டியோடு திரும்பினால் ஊர் என்ன சொல்லும்? அதுவும் சத்தமே வராத தொட்டி.

உருளை லாரியில் ஏறியது. சோதித்துப் பார்க்கத்தான், மாதம் முடிவதற்குள் திருப்பினால் தொட்டி தருவதாகப் பட்டறைக்காரரே சொன்னார். நல்ல மனிதர். எங்களை முதல் பார்வையிலேயே புரிந்துகொண்டவர்.

4

என் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வரும் இடம் இது. இவ்வளவு நேரம் ஓரளவு புத்தியோடு நடந்துவந்த சவரியார், உருளை இறங்கியதும் நேரே மாதா கோயிலுக்குப் போனார்.

"ஏங்க, மொதல்ல ஒரு கூடை தக்காளி போட்டுப் பாத்துடலாங்க," என்றாள் அற்புதம்மாள்.

"சாமியார் செபம் சொல்லி மந்திரிக்காம ஒத்தக் காய் உள்ள போவக் கூடாது. நம்ம வூட்டு வழக்கம் உனக்குத் தெரியாதா?"

(எங்கள் வீட்டில் மாட்டுவண்டியை மந்திரித்திருக்கிறோம், பம்புசெட்டை மந்திரித்திருக்கிறோம். சோதனைக்கு வந்த பொருளை மந்திரித்தது அதுவே முதல் முறை. கூட இருந்து தலையாட்டிய பெரியவர்களில் இதை எழுதுகிறவரும் ஒருவர்.)

பந்தல், மேளம், உருளைக்கு மாலை, நெற்றியில் சந்தனச் சிலுவை. உருளைக்கு நெற்றி எது என்று சிறு விவாதம் நடந்து, நான்தான் தீர்ப்புச் சொன்னேன். பங்குச் சாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். ஊரே பார்க்க முதல் கூடை உள்ளே போனது. மறுமுனையில் தோல் வந்தது. பிறகு விதை. பிறகு சிவப்பாய்த் தண்ணீர்.

"சித்தப்பா," என்றான் ஆரோக்கியசெல்வம், "கழுவச் சொன்னா ரசம் வச்சுக் குடுக்குது."

"நீ சாப்புட்டுட்டுக் கெளம்பு," என்றார் சவரியார்.

5

அற்புதம்மாள் அன்றைக்கே சொல்லிவிட்டாள். "திருப்பி அனுப்பிட்டுத் தொட்டியக் கொண்டாங்க. ஆபீசர் வர்றதுக்குள்ள வந்துரும்."

"மந்திரிச்ச பொருளையா? லாரியில ஏத்திக் கோயில் தெரு வழியா அனுப்புறதா? அப்புறம் பூசைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

"தக்காளியப் பிழிஞ்சு போடுன்னு மாதாவா சொன்னாங்க?"

சவரியார் சாமியாரிடமே போய்க் கேட்டார். மந்திரித்ததைத் திருப்பினால் பாவமா என்று.

சாமியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "நான் மந்திரிச்சது எந்திரத்தைத்தான், சவரியார். உம்ம முடிவையில்ல."

இந்த வாக்கியத்தை என் பாத்திரம் ஒன்று சொல்லியிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். எங்கள் குடும்பத்தில் யாரும் சொல்லவில்லை.

6

முடிவுகள்.

அ) சவரியார் மனம் மாறித் தொட்டி வருகிறது, உரிமம் கிடைக்கிறது. அழகாக இருக்கிறது. ஆனால் நாற்பது வருடமாக இவரை அறிந்தவன் எழுத முடியாது.

ஆ) எந்திரத்துக்கு ஏற்ப ஊரே தக்காளியைப் பிடுங்கிவிட்டுக் கிழங்கு போடுகிறது. (இதைச் சவரியார் உண்மையிலேயே வாய்விட்டுச் சொன்னார். இரண்டு நாள் அற்புதம்மாள் அவரோடு பேசவில்லை.)

இ) அதிகாரிக்கு முன்னால் உருளையைச் சுற்றவிட்டு, பழத்தைப் பின்பக்கம் கையால் கழுவி— வேண்டாம். முட்டாள் குடும்பம் என்றால் பொறுத்துக்கொள்வேன். பொய்க் குடும்பம் என்று என் கையால் எழுத மாட்டேன்.

ஈ) அவரைக் கேட்காமலே அற்புதம்மாள் லாரியை வரவழைத்துவிட்டாள். கோயில் தெரு வழியாகத்தான் வந்தது, பட்டப்பகலில். வேறு வழி கிடையாது. உருளையைத் தூக்க நான்கு பேர் வேண்டும். ஒரு மூலையில் லாரிக்காரர், ஒன்றில் அவர் ஆள், மூன்றாவதில் அற்புதம்மாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு. எதிர்வீடுகளில் வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்தாயிற்று.

"நாலாவது ஆளு யாருங்க?" என்றார் லாரிக்காரர்.

சவரியார் வேட்டியை மடித்துக் கட்டுகிறார்.

எங்கள் குடும்பத்தில் ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டினால் ஒன்று பாரம் தூக்குவோம், அல்லது வழிமறித்துச் சண்டைக்கு நிற்போம். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆரோக்கியசெல்வத்தின் கதைக்கு ஒரு முடிவு உண்டு. அதை நான் இங்கே சேர்க்கப் போவதில்லை. தக்காளி பழுத்துவிட்டது, மூன்று பேர் குனிந்து கைவைத்து நிற்கிறார்கள். அடுத்த வாக்கியத்தில் சவரியார் எங்கே போய் நிற்கிறார் என்பதை நீங்கள் எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அற்புதம்மாள் பாரத்தைத் தூக்கத் தொடங்கிவிட்டாள்.