பை பார்த்துக்கொள்ள ஒரு ஆள்

குடும்பத்தோடு எங்கே போனாலும் அக்காவுக்கு ஒரே வேலைதான். பைகளைப் பார்த்துக்கொள்வது.

கடற்கரையில் எல்லோரும் அலைக்குள் ஓடும்போது அவள் மணலில் உட்கார்ந்து செருப்புகளுக்குக் காவல் இருப்பாள். பொருட்காட்சியில் எல்லோரும் ராட்டினத்தில் ஏறிக் கத்தும்போது அவள் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பாள். இரண்டு தோளிலும் பை, ஒரு கையில் பாதி தின்ற ஐஸ்கிரீம், விரலில் தம்பியின் சாவிக்கொத்து. "எங்க வீட்டு நடமாடும் பீரோ" என்று தம்பி ஊரெல்லாம் சொல்லுவான். சொல்லிவிட்டு அவனே முதலில் சிரிப்பான். அக்காவும் சிரித்து வைப்பாள். சிரிக்காவிட்டால் "கோவமா?" என்று கேட்பான். அதற்குப் பதில் சொல்வதைவிடச் சிரிப்பது சுலபம்.

அவள் கதை பெரிதாக ஒன்றுமில்லை. அம்மா போன பிறகு அக்காவும் தம்பியும் அதே வீட்டில் இருந்தார்கள். தம்பிக்குக் கல்யாணம் ஆனது. அக்கா ஜன்னல் வைத்த பெரிய அறையைக் காலி செய்துகொண்டு சமையலறையை ஒட்டிய சின்ன அறைக்கு மாறினாள். பெரியவள் பிறந்தாள், அப்புறம் சின்னவன். அக்காவுக்கு வரன் பார்ப்பதை யார், எப்போது நிறுத்தினார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

வேலை, பல் செட் செய்யும் ஒரு லேபில். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்துக்கொண்டு இளஞ்சிவப்பு மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதிக்க வேண்டும். பகல் முழுக்கக் குனிந்த தலை. சாயங்காலம் நிமிரும்போது கழுத்தில் யாரோ ஆணி அடித்து வைத்த மாதிரி இருக்கும். பக்கத்து மேஜையில் செட்டுகளுக்குப் பளபளப்பு ஏற்றுகிற தோழியை எல்லோரும் பாலிஷ் என்றுதான் கூப்பிடுவார்கள். "ஊர்ல பாதிப் பேர் நீ வெச்ச பல்லைக் காட்டித்தான் சிரிக்கிறான். நீ மட்டும் உம்முனு இரு" என்பாள் அவள்.

இந்த வருஷ விடுமுறைக்கு எங்கே போவது என்று பேச்சு வந்தபோது தம்பி மனைவி தன் போனை எல்லோருக்கும் காட்டினாள். நெடுஞ்சாலை ஓரத்தில் புதிதாகத் திறந்த தண்ணீர் பூங்கா. ஒரு விமான நிலையம் அளவுக்கு இருந்தது. எல்லாமே கண்ணாடிக் கூரைக்குள். வெளியே மழையோ குளிரோ, உள்ளே எப்போதும் வெயில் காலம். ஒரு பக்கம் குழந்தைகளுக்குச் சறுக்குகளும் அலைக் குளமும். இன்னொரு பக்கம் பெரியவர்களுக்கு வெந்நீர்க் குளங்கள், நீராவி அறை, மசாஜ். வீட்டில் யாரும் அந்த மாதிரி ஓர் இடத்தில் கால் வைத்ததில்லை.

போன் கை மாறி, கடைசியில் அக்காவிடம் வந்தது. அவள் கையில் வந்தபோது திரையில் ஒரு குளம் இருந்தது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீராம். அதில் நாலைந்து பெண்கள் மல்லாந்து படுத்து, கைகளை விரித்து, கண்ணை மூடிக் கிடந்தார்கள். நீச்சல் தெரியாதவர்களையும் அந்தத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும் என்று கீழே எழுதியிருந்தது.

அக்கா முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதே கிடையாது. அவள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்திலிருந்த ஆணியை யாரோ லேசாக அசைத்துப் பார்த்தது போலிருந்தது. "அத்தை, போனைக் குடுங்க, தூங்கிட்டீங்களா?" என்று சின்னவன் பிடுங்கிக்கொண்டான்.

தம்பி ஒரு லிஃப்ட் கம்பெனியில் சூப்பர்வைசர். எந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு என்றைக்கு எண்ணெய் போடுவது என்று திட்டம் போட்டே பழகியவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் எல்லோரையும் உட்கார வைத்தான். கதவு திறக்கும்போதே உள்ளே இருக்க வேண்டும், கூட்டம் சேருவதற்குள் பெரிய சறுக்கை முடித்துவிட வேண்டும், அப்புறம் அலைக் குளம். அவன் மனைவி மசாஜ் தனக்குத்தான் முதலில் என்று எழுதாத ஒப்பந்தம் போட்டாள். பெரியவள் கண்ணாடியைக் கழற்றினால் தனக்கு எதுவும் தெரியாதே என்று கவலைப்பட்டாள். சின்னவன் இப்போதே நாற்காலியிலிருந்து சறுக்கிக்கொண்டிருந்தான்.

"பை?" என்றாள் தம்பி மனைவி.

"அதான் அக்கா இருக்கே" என்றான் தம்பி. பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

மறுநாள் லேபில் அக்கா பாலிஷிடம் அந்தப் பூங்காவைப் பற்றிக் கேட்டாள். பாலிஷ் தன் கணவன் வீட்டாரோடு ஒரு தடவை அங்கே போய் வந்தவள். கேட்டதுதான் தாமதம், மெஷினை நிறுத்திவிட்டு ஆரம்பித்துவிட்டாள். வாசலிலேயே கையில் வாட்ச் மாதிரி ஒன்று கட்டிவிடுவார்களாம். அதைக் காட்டினால் லாக்கர் திறக்கும். பை, போன், நகை எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு போகவேண்டியதுதான். ஆனால் சாதாரண உடுப்போடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள், நீச்சல் உடுப்புத்தான்.

"அப்ப, உட்கார்ந்து பை பார்த்துக்க ஆள் வேணாமா?" என்று அக்கா கேட்டாள்.

பாலிஷ் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "எந்தக் காலத்துல இருக்கே? அங்க யாரும் உட்கார்றதே இல்ல. எல்லாரும் தண்ணியிலதான்."

அன்றைக்கு அக்கா பதித்த பற்கள் எல்லாம் வரிசையாக, அழகாக விழுந்தன. சாயங்காலம் நேராகக் கடைக்குப் போனாள். நீச்சல் உடுப்பு என்று சொன்னதும் கடைக்காரப் பெண், "பொண்ணுக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று வாயில் வந்துவிட்டது. அளவு கேட்டபோது, "பொண்ணு கொஞ்சம் பூசின மாதிரி இருப்பா" என்று தன் இடுப்பைத் தொட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. கடைக்காரப் பெண் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள்.

கருநீலம். முழங்கை வரை கை, முழங்கால் வரை கால். அறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு போட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் ஒரு கடல்நாய் நின்றிருந்தது. இருந்தாலும் பரவாயில்லை. கட்டிலில் மல்லாந்து, படத்தில் பார்த்த மாதிரி கைகளை விரித்தாள். ஒரு கை சுவரில் இடித்தது, இன்னொரு கை பீரோவில். அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தாள்.

இரண்டு நாள் பொறுத்து, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விஷயத்தை எடுத்தாள். விசாரித்ததாகச் சொன்னாள். கையில் கட்டும் வாட்ச், அதைக் காட்டினால் திறக்கும் லாக்கர், எல்லாவற்றையும் பாலிஷ் சொன்னபடியே ஒன்றுவிடாமல் சொன்னாள். யாராவது ஒருவர், "அப்ப நீயும் இறங்கலாமே" என்று சொல்வதற்காகக் கொஞ்சம் இடம் விட்டாள்.

தம்பி தட்டைப் பார்த்தபடி யோசித்தான். "பரவாயில்லையே, நல்ல ஏற்பாடு" என்றான்.

"அப்ப அத்தை அங்க வந்து என்ன பண்ணுவாங்க?" என்று பெரியவள் கேட்டாள்.

அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். தம்பி மனைவி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, புதிதாக ஒரு கணக்குப் புரிந்தவள் போல அக்காவைப் பார்த்தாள்.

மறுநாள் சாயங்காலம் தம்பி மனைவி சின்ன அறைக்கு வந்தாள். அவள் அந்த அறைக்குள் வந்து உட்காருவது அபூர்வம். கட்டிலில் உட்கார்ந்து, அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்ல வேளை நீங்க விசாரிச்சீங்க அண்ணி. ஒவ்வொரு தடவையும் உங்களை இழுத்துட்டுப் போய் ஒரு மூலையில உட்கார வெச்சுட்டு நாங்க மட்டும் ஆடிட்டு வர்றோம். எனக்கே மனசு கேக்காது. இந்தத் தடவை உங்களுக்கு விடுதலை. நிம்மதியா வீட்ல இருங்க."

அதோடு காரில் ஓர் இடம் மிச்சமாகிறதாம். அவள் தங்கை ரொம்ப நாளாக எங்கேயாவது அழைத்துப் போகச் சொல்லி நச்சரிக்கிறாளாம். தவிர, கீசர் கெட்டுப்போய்க் கிடக்கிறது. ரிப்பேர்காரர் அந்தச் சனிக்கிழமைதான் வருகிறாராம். யாராவது வீட்டில் இருந்துதானே ஆகவேண்டும்.

நானும் தண்ணியில் இறங்கணும் என்று அக்கா சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தைதான். தலையணைக்கு அடியில் உடுப்புகூடத் தயாராக இருந்தது. ஆனால் நரைத்த தலையை வைத்துக்கொண்டு அதைச் சொன்னால் சின்னவன் பொம்மை கேட்பது போலிருக்கும் என்று தோன்றியது. "கீசரைப் பார்த்துக்கறேன்" என்றாள்.

"எனக்குத் தெரியும், நீங்க தங்கம்" என்று எழுந்து போனாள் தம்பி மனைவி.

சனிக்கிழமை காலை கார் கிளம்பியது. பின் சீட்டில் அக்காவின் ஜன்னல் ஓரத்தில் தங்கைக்காரி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி கார் கண்ணாடியை இறக்கி, அக்காவின் முகத்தைப் பார்க்காமல், "அடுத்த தடவை கண்டிப்பா" என்றான். அக்கா தலையாட்டினாள். அவள் கைகள் இரண்டும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. அதைப் பார்க்க அவளுக்கே விசித்திரமாக இருந்தது.

கார் தெரு முனை திரும்பிக் கொஞ்ச நேரத்தில் ரிப்பேர்காரர் போன் செய்தார். சாமான் கிடைக்கவில்லை, திங்கட்கிழமைதான் வரமுடியும் என்றார். அக்கா போனை வைத்துவிட்டுக் கூடத்தில் நின்றாள். கதவின் உள்பக்கம் திறந்த பூட்டுத் தொங்கியது. பூட்டைப் பார்த்தாள். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து கருநீல உடுப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

பஸ்ஸில் போகும்போது ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தாள். அவர்கள் எதிரில் வந்து, "வீட்டை விட்டுட்டா வந்தே?" என்று கேட்டால், "வீட்டுக்கும் பூட்டு இருக்குடா" என்று சொல்ல வேண்டும். தம்பி முகம் சுருங்கும். அவன் மனைவி எங்கேயோ பார்ப்பாள். அக்கா அதைச் சத்தமில்லாமல் பலதடவை சொல்லிப் பார்த்தாள். பக்கத்து சீட்டுக்காரி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

உள்ளே நுழைந்ததும் வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. கையில் வாட்ச் கட்டினார்கள். லாக்கரில் பையை வைத்தாள், செருப்பை வைத்தாள், சாவியை வைத்தாள். கதவு தானாக மூடிக்கொண்டது. பாலிஷ் சொன்னபடி கையை வீசிக்கொண்டு நடந்தாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கூட்டத்தில் அவளைவிடப் பெரிய கடல்நாய்கள் நிறைய இருந்தன.

உப்புக் குளம் கடைசிக் கோடியில் இருந்தது. சறுக்குகளுக்கு ஏறும் படிக்கட்டு அதை ஒட்டித்தான் தொடங்கியது. அதை அவள் கவனிக்கவில்லை. விசில் மாட்டியிருந்த காவல்காரப் பெண் அவள் தயங்குவதைப் பார்த்துத் தானே இறங்கி வந்தாள். இடுப்பளவுதான் தண்ணீர் என்று தைரியம் சொல்லி, அக்காவின் முதுகுக்கு அடியில் கை கொடுத்துச் சாய்த்தாள்.

"ரெண்டு கையையும் விரிங்கம்மா. எதையும் பிடிக்காதீங்க. பிடிச்சா உள்ள போயிடுவீங்க. சும்மா கிடங்க, தண்ணி பார்த்துக்கும்."

முதுகிலிருந்து அந்தக் கை விலகியது. அக்கா அமிழவில்லை. காதுகள் தண்ணீருக்குள் போனதும் அவ்வளவு பெரிய கூடத்தின் இரைச்சல் நின்றது. மேலே கண்ணாடிக் கூரையில் மழை விழுந்து, சத்தமில்லாமல் வழிந்தது. கழுத்து எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. விரித்த கைகள் எதிலும் இடிக்கவில்லை. சுவரும் இல்லை, பீரோவும் இல்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

முகத்தில் நிழல் விழுந்தது. கண்ணைத் திறந்தாள்.

குளத்தின் விளிம்பில் தம்பி ஈரத்தோடு குனிந்து நின்றான். அவன் முகத்தில் முதலில் வந்தது ஆச்சரியம். அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அதற்கு அடுத்து வந்தது வெட்கம் அல்ல, ஒரு பெரிய நிம்மதி. அவன் வாய் அசைந்தது. அக்காவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவன் கையை நீட்டியிருந்தான். கையில் பெரியவளின் மூக்குக் கண்ணாடியும், தம்பி மனைவியின் தங்கச் சங்கிலியும், சின்னவனின் கழுத்துக் கயிறும் தொங்கின.

அக்காவின் கை தானாக நீண்டது.

அவ்வளவுதான். உடம்பு புரண்டு, உப்புத் தண்ணீர் மூக்கிலும் கண்ணிலும் ஏறியது. காலைத் தேடி ஊன்றி, இருமிக்கொண்டு எழுந்து நின்றாள். இரைச்சல் மொத்தமாகத் திரும்பி வந்தது.

"...நல்ல நேரத்துக்கு வந்தேக்கா. சறுக்குல கண்ணாடி, செயின் எதுவும் போடக்கூடாதாம். லாக்கரோ அந்தக் கோடியில இருக்கு, வரிசையை விட்டா இடம் போயிடும். கொஞ்சம் பிடி, இதோ வந்துடறோம்."

வீட்டைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. தயார் செய்து வைத்திருந்த வாக்கியத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. சாமான்கள் அவள் கைக்கு எப்போது வந்தன என்று அவளுக்கே தெரியவில்லை. தம்பி படிக்கட்டில் ஓடி ஏறினான். மேலே வரிசையில் நின்ற தம்பி மனைவி குனிந்து பார்த்து, சந்தோஷமாகக் கையசைத்தாள். அவள் தங்கையும் அசைத்தாள்.

அக்காவைச் சுற்றிப் பெண்கள் கண்ணை மூடி மிதந்துகொண்டிருந்தார்கள். அவள் கண்ணில் இருந்த உப்பைப் புறங்கையால் துடைத்தாள். எரிச்சல் அதிகமானதுதான் மிச்சம். பிறகு சங்கிலியையும் கண்ணாடியையும் ஒரு கையில் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையை மட்டும் விரித்து, மெதுவாகப் பின்னால் சாய்ந்து பார்த்தாள்.

தண்ணீர் தாங்கவில்லை.