ஒன்பது வருஷம் கழித்து வந்த குண்டு

பர்ல் டிப்டன் அக்டோபர் மாதம் ஒரு சனிக்கிழமை விசையை இழுத்தான். குண்டு ஒன்பது வருஷம் கழித்து, ஒரு ஏப்ரலில் வெளியே வந்தது. நடுவில் நாட்டுக்கு இரண்டு தடவை ஜனாதிபதி மாறினார், பெட்ரோல் விலை ஏறி இறங்கியது, எங்கள் ஊர் லாரல் ஓடையின் ஒரே சினிமாக் கொட்டகை கோழித் தீவனக் கிடங்காகிவிட்டது. இதில் எங்கள் பக்கத்து ஆட்கள் யாருக்கும் சந்தேகம் கிடையாது. டென்னசியின் மற்ற மூலைகளில் இருப்பவர்கள் நம்பாவிட்டால், ஹோபர்ட் ப்ரூயிட்டின் மேய்ச்சல் நிலத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். பர்ல் நின்ற இடத்தில் இன்றைக்கும் புல் முளைப்பதில்லை.

பர்ல் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். ஆனால் ஆரம்பசூரன். வீட்டு முன்னால் வராந்தா கட்ட ஆரம்பித்தான். படிகள் மட்டும் வந்தன, ஏறினால் நேரே கீழே விழ வேண்டியதுதான். கிணறு அவன் கழுத்து ஆழத்தோடு நின்றது. கொட்டகையில் ஒரு படகு, விலா எலும்பு தெரியும் பட்டினி மாடு மாதிரி, பலகைக்குக் காத்துக்கொண்டிருந்தது. எதைக் கேட்டாலும் ‘அப்புறம்’ என்பான். கல்யாணம் கேட்க வந்த அன்றைக்கே, “ஜெல்மா, நாம ரெண்டு பேரும்…” என்று ஆரம்பித்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றான். மிச்ச வாக்கியத்தை அவள்தான் முடித்தாள். புத்தி அன்றைக்கே வந்திருக்க வேண்டும், எங்கே வந்தது!

ஜெல்மாவின் அக்கா லொரீன் கிங்ஸ்போர்ட் நகரத்தில் புத்தகம் தைக்கும் ஆலையில் இருந்தாள். ஜெல்மாவுக்கும் அங்கே ஓர் இடம் சொல்லி வைத்திருந்தாள். நாள் முழுக்க உட்கார்ந்து செய்கிற வேலை, வாரச் சம்பளம், திருப்பினால் தண்ணீர் கொட்டும் குழாய் உள்ள வீடு. ஜெல்மா அதற்காகத் தவித்தாள் என்றே சொல்லலாம். சாமான்களை மனசுக்குள் பல தடவை கட்டி வைத்துவிட்டாள். அந்தச் சமயம் பார்த்து பர்லுக்குத் துப்பாக்கி ஆசை வந்தது. நாட்டுக்கு இருநூறு வயது என்று எல்லோரும் பூட்டன் காலத்துச் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு அலைந்த வருஷம் அது. நல்ல ரம்பம் ஒன்றை விற்றுவிட்டு, தபாலில் ஒரு கிட் வரவழைத்தான்: ஒரு நீளக் குழல், பாதி செதுக்கிய மேப்பிள் மரக் கட்டை, கல் பிடிக்கும் பொறி, பித்தளைச் சாமான்கள், ஒரு பை நிறையத் திருகாணி, ஒரு விளக்கத் தாள். “இது முடியட்டும் ஜெல்மா. ஹோபர்ட் மாமாவோட எருதுப் பந்தயத்துல ஒரே ஒரு குண்டு சுட்டுட்டா, மறுநாளே கிங்ஸ்போர்ட்தான்,” என்றான். பைபிள் மேல் கை வைத்துச் சொன்னான்.

மார்ச்சில் ஆரம்பித்தான். பொறி கட்டைக்குள் பொருந்தி உட்காருவதற்கு, மண்ணெண்ணெய் விளக்கின் புகையைப் பொறியில் பூசி, கட்டையில் அழுத்தி, கரி ஒட்டின இடத்தை மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி பூசி, மறுபடி அழுத்தி, மறுபடி சுரண்ட வேண்டும். ரெண்டு வாரம் சுரண்டினான். பிறகு அது சமையலறை மேஜை மேல் அப்புறத்துக்குப் போய்விட்டது. மே மாதம் வரை அதைத் தள்ளி வைத்துத் தள்ளி வைத்து ரொட்டி மாவு பிசைந்த ஜெல்மா, ஒருநாள் விளக்கத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு தானே உட்கார்ந்தாள். பொறியை மயிரிழை பிசகாமல் கட்டைக்குள் இறக்கினாள். உடைந்த கண்ணாடித் துண்டால் கட்டையை இழைத்தாள். அமிலம் தடவி, அடுப்புச் சூட்டில் காட்டி, மேப்பிளின் வரிகளைப் புலி முதுகு மாதிரி எழுப்பினாள். ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையாலேயே தேய்த்துத் தேய்த்து ஊட்டினாள். குழலுக்குத் துருப் பிடிக்க வைத்துத்தான் நிறம் ஏற்ற வேண்டும். அதற்காகக் குளிக்கிற அறையில் கொதிக்கும் அண்டாக்களுக்கு மேல் அதைக் கட்டித் தொங்கவிட்டு, துருவைத் துடைத்து, மறுபடி துரு ஏற்றி, வெல்லப்பாகு நிறத்துக்குக் கொண்டுவந்தாள். மிச்சமிருந்தது ஒரே ஒரு காரியம். விசையை இழுத்ததும் வெளியே சின்னக் கிண்ணியில் இருக்கும் வெடிமருந்தில் பற்றும் நெருப்பு குழலுக்குள் போவதற்குப் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை உண்டு. அதைக் கொஞ்சம் அகலப்படுத்தச் சொல்லியிருந்தது தாள். ஜெல்மா துளைக்கருவியைக் கையில் எடுத்ததும் பர்ல் வாங்கிக்கொண்டான். “இது ஆம்பள வேலை. இதை நான் பாத்துக்கறேன்,” என்றான். எப்போது என்று கேட்கவே வேண்டாம். கட்டையின் பித்தளைத் தகட்டில் பி. டிப்டன் என்று பெயர் வெட்டிக்கொள்ள மட்டும் அவனுக்கு நேரம் கிடைத்தது.

எருதைப் பரிசாக வைத்துக் குறி சுடும் அந்தப் பந்தயம் எங்கள் பக்கத்து வழக்கப்படி நடந்தது. அவரவர் பலகையை அவரவர் நெருப்பில் கரித்து, கத்தியால் குறுக்கே இரண்டு கீறல் போட்டுக்கொண்டு வர வேண்டும். கீறல்கள் வெட்டிக்கொள்ளும் புள்ளிக்கு யார் குண்டு கிட்டே போகிறதோ அவனுக்கு எருதின் பின்தொடை. அடுத்தவர்களுக்கு மற்றப் பாகங்கள். கடைசிக் குண்டு விழுந்த பிறகுதான் எருதை வெட்டுவார்கள். அன்றைக்குக் கடைசி ஆள் பர்ல். விசையை இழுத்தான், கல் பொறிந்தது, கிண்ணியில் மருந்து குப்பென்று எரிந்தது. அவ்வளவுதான். உள்ளே போன நெருப்பு வெளியே வரவில்லை. துளையில் காதை வைத்தால், அடுப்பில் கெட்டில் முனகுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்டது. நடுவராக இருந்த ஹோபர்ட் ப்ரூயிட், எல்லோருக்கும் தெரிந்த விதியை உரக்கச் சொன்னார்: நெருப்பு தங்கிவிட்டால் துப்பாக்கியை அசைக்கக் கூடாது, குறியை விட்டு எடுக்கக் கூடாது, வெடிக்கும் வரை பிடித்தவன் பிடித்தபடி நிற்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று விதியில் இல்லை. பர்ல் நின்றான்.

சாயங்காலம் ஆயிற்று, ஆட்கள் கலைந்தார்கள், ஞாயிறு வந்தது, நவம்பர் வந்தது. ஜெல்மா மூன்றாம் நாளே, கவட்டைக் கொம்பு இரண்டை நட்டு அதன் மேல் துப்பாக்கியை வைத்துவிட்டால் என்ன என்று கேட்டாள். தோளில் வைத்துச் சுட்டது தோளிலேயேதான் முடிய வேண்டும், கொம்பு வைத்தால் செல்லாது என்றார் ஹோபர்ட். சர்ச் ஆட்கள் ஒரே நாளில் பர்லுக்கு மேல் தகரக் கூரை போட்டுக் கொடுத்தார்கள். அவன் வீட்டு வராந்தா அப்படியே படிகளோடு நின்றது. ஜெல்மா காலையில் பிஸ்கட் ரொட்டியும் குழம்பும் ஊட்டினாள், மத்தியானம் பீன்ஸும் சோள ரொட்டியும் ஊட்டினாள், சனிக்கிழமைகளில் சவரம் செய்துவிட்டாள். மற்றதற்கு ஒரு வாளி. அதையும் அவள்தான் கொட்டினாள். பர்ல் நின்றபடியே தூங்கக் கற்றுக்கொண்டான். தூக்கத்திலும் குழல் நுனி அசைந்ததில்லை. உள்ளே நெருப்பு இருந்ததால் குழல் எப்போதும் வெதுவெதுப்பாகவே இருந்தது. பனி அதன் மேல் தங்கவில்லை, ஹோபர்ட் வீட்டுப் பூனைகள் அதன் மேல் வரிசையாகப் படுத்துத் தூங்கின. இத்தனையிலும் லாபம் அடைந்தது அந்த எருதுதான். பந்தயம் முடியாததால் அதை வெட்ட முடியவில்லை. அது கரித்த பலகைக்குக் கீழே மேய்ந்து கொழுத்து, பிறகு கிழடாகி, பல் போன பிறகும் மரியாதையாக வாழ்ந்தது.

ஊர் பர்லைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. ஒருவருக்கும் காயம் படக்கூடாது என்று தன் வாழ்க்கையையே கொடுக்கிறானே, பொறுமை என்றால் இது அல்லவா பொறுமை என்று பாதிரியார் பிரசங்கம் செய்தார். பத்திரிகைக்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள். வாளி தெரியாமல் இருக்க ஜெல்மாவைக் கொஞ்சம் முன்னால் நிற்கச் சொன்னார்கள். அக்கா லொரீன் முதல் வருஷம் நாலு தடவை போன் செய்தாள், அடுத்த வருஷம் இரண்டு தடவை, அதற்கடுத்து அந்த இடத்தை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்ல ஒரு தடவை. கிளம்பிப் போயிருக்கலாமே என்று இப்போது கேட்கிறவர்கள் அப்போது இங்கே இருந்தவர்கள் இல்லை. குண்டு நிறைத்த துப்பாக்கியோடு நிற்கிற புருஷனை விட்டுப் போனவள் என்று ஏழு தலைமுறைக்குப் பேசியிருப்போம். நான் உள்பட.

ஒரு விஷயம் மட்டும் அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. விசைக் காப்பில் ஒரு தோல் வாரில் சின்னக் கம்பி ஒன்று தொங்கியது. கிட்டோடு வந்ததுதான். முதல் குளிர்காலத்திலேயே அது எதற்கு என்று பர்லைக் கேட்டாள்.

“துளை அடைச்சுக்கிட்டா குத்தி விடறதுக்கு.”

“அப்ப குத்தி விட வேண்டியதுதானே?”

“குத்தலாம். அப்புறம்.”

ஆண்களுக்குத் தெரியாததா என்று அவள் சும்மா இருந்தாள். வந்து வந்து பார்த்துப் போன அத்தனை ஆண்களின் வெடிமருந்துப் பையிலும் அதே மாதிரிக் கம்பி தொங்கியதையும் பார்த்தாள், சும்மாதான் இருந்தாள். ஆனால் வருஷம் போகப் போக அவன் முகத்தைக் கவனிக்க ஆரம்பித்தாள். படகைப் பற்றியோ கிணற்றைப் பற்றியோ இப்போது அவனை ஒருத்தரும் கேட்பதில்லை. “என்னத்தைச் செய்ய, என் கைதான் கட்டிக் கிடக்கே,” என்று வருகிறவர்களிடம் சொல்லும்போது, வயிறு நிறையச் சாப்பிட்டவன் முகம் மாதிரி இருந்தது அது. அவன் கஷ்டப்படவே இல்லை. பிறந்ததிலிருந்து தேடிய வேலை அவனுக்குக் கிடைத்துவிட்டது. இது புரிந்த அன்றைக்கு அவள் ஊட்டிக்கொண்டிருந்த கரண்டியை அவன் வாயிலேயே விட்டுவிட்டுப் போய், ஓடைக் கரையில் உட்கார்ந்து அழுதாள்.

ஒன்பதாம் வருஷம் ஏப்ரலில், ஒரு காலை, உள்ளே இருந்த முனகல் சத்தம் மாறியது. கெட்டில் கொதிக்கப் போகிற சத்தம். பர்ல் அதைக் கேட்டான். அவன் முகம் வெளிறிப் போனதை ஜெல்மா பார்த்தாள். சாவுக்குப் பயந்து அல்ல, முடியப் போகிறதே என்ற பயம்.

“ஜெல்மா, ஒரு நிமிஷம் இதைப் பிடி. இதோ வந்துடறேன்.”

“எங்கே போறே?”

“வந்து சொல்றேன், பிடி.”

பிடித்தாள். மடக்கின கைகள் மடக்கினபடியே இருக்க, அவன் புல்வெளியைத் தாண்டிச் சாலைக்குப் போனான், கோழி ஏற்றி வந்த லாரியை நிறுத்தி ஏறினான். இப்போது ஃப்ளோரிடாவில் ஒரு படகு கட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. பாதியில் நிற்கிறதாம்.

லாரியின் புழுதி அடங்கும் வரை ஜெல்மா பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயம் கேள்விப்பட்டு ஹோபர்ட் தடியை ஊன்றிக்கொண்டு வந்து வேலிக்கு அந்தப் பக்கமே நின்றார்.

“கை மாறிடுச்சு, பொண்ணே. இனி நீதான் பிடிச்சிருக்கணும். உனக்கும் கூரை இருக்கு, கவலைப்படாதே.”

“எனக்கு யார் ஊட்டுவாங்க, ஹோபர்ட் மாமா?”

அதற்கு அவரிடம் விதி இல்லை. ஜெல்மா துப்பாக்கியை இடது தோளுக்கு இறக்கி, கட்டையைக் கன்னத்தோடு அணைத்தாள்; தான் உள்ளங்கையால் எண்ணெய் ஊட்டிய கட்டை. குறியைப் பார்த்துக்கொண்டே வலது கையால் தோல் வாரைத் தடவிப் பிடித்து, கம்பியைத் துளைக்குள் விட்டுக் குத்தினாள். உடனே வெடித்தது. பூனைகள் நாலாபக்கமும் சிதறின. புகை விலகியபோது பலகையில் கீறல்கள் சந்திக்கும் புள்ளி இருந்த இடத்தில் வட்டமாக வானம் தெரிந்தது.

ஹோபர்ட் போய் விரலை விட்டுப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். “பர்ல் ஜெயிச்சுட்டான்,” என்றார்.

“சுட்டது நான்.”

“விசையை இழுத்தது அவன்தானேம்மா,” என்றார் அவர், தன்மையாகத்தான். பின்தொடை அவனுடையது, அவன் வந்து வாங்கிக்கொள்ளும் வரை எருதை வெட்டுவது முறையாகாது என்று தீர்ப்பானது. எருது இன்னும் மேய்கிறது. அவன் நின்ற இடத்தில் கல் நட்டு அவன் பெயரைப் போட்டிருக்கிறோம்; நானும் நன்கொடை கொடுத்தேன்.

ஜெல்மா அந்த வாரமே துப்பாக்கியை ஒரு போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு கிங்ஸ்போர்ட் போனாள். ஆலையில் மேற்பார்வை பார்க்கிற பெண், பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாளாம். ஒன்பது வருஷம் நின்றாரே, அந்த டிப்டனா, எப்பேர்ப்பட்ட மனுஷர், அந்த வெடிச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டதே என்றாளாம். பிறகு, இத்தனை வருஷம் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டிருக்கிறாள். தைக்கிற மேஜைக்குச் சின்ன வயதுப் பெண்களைத்தான் எடுப்பார்கள் என்று, தரையில் விழும் காகித வெட்டுகளைக் கூட்டி அள்ளுகிற வேலையைக் கொடுத்தார்கள்.

ஒற்றை அறையில் இருக்கிறாள். குழாயைத் திருப்பினால் தண்ணீர் வருகிறது. துப்பாக்கி கட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது, பெயர் வெட்டிய பக்கம் சுவரைப் பார்த்தபடி. குழல் இன்னும் ஆறவில்லை. குளிர்காலத்தில் வேலை முடிந்து வந்ததும் கால்களை அதன் மேல் வைத்துக்கொள்கிறாள். அந்த அறைக்கு ஹீட்டர் வாங்க வேண்டிய அவசியம் இதுவரை ஏற்படவில்லை.