ஒரே குலையில் தின்றவர்கள்

சுலைஹோவின் தோட்டத்தில் ஒரே குலையிலிருந்து தக்காளி தின்றவர்களுக்கு, ஒருவருக்கு வரும் வலி மற்றவர்களுக்கும் வந்தது. ஃபெர்கானா பள்ளத்தாக்கின் மலையடிவாரத்தில், பருத்திக் கூட்டுப்பண்ணை ஒன்றின் கடைசித் தெருவில் அவள் வீடு இருந்தது. லாரி ஓட்டிய கணவன் மலைப்பாதையில் இறந்துபோனதிலிருந்து தனியாக இருந்தாள். விதையைச் சந்தையில் ஊறுகாய் விற்கும் கொரியப் பெண் கொடுத்தாள். “குலையா காய்க்கும், குலையாவே பழுக்கும். ஒண்ணொண்ணா கிள்ளாத” என்றதோடு சரி, வேறெதுவும் சொல்லவில்லை. சுலைஹோ தகர டப்பாக்களில் நாற்றுவிட்டு, பனி விட்டதும் தெற்குச் சுவரோரம் நட்டாள். சாம்பலும் மக்கிய சாணமும் போட்டாள். காலையில் பக்கத்துளிர்களைக் கிள்ளுவாள், மாலையில் வாய்க்கால் தண்ணீரை வேருக்கு மட்டும் திருப்புவாள். கணவனின் பழைய சட்டையைக் கிழித்து, கொடியை முசுக்கொட்டைக் கழியில் கட்டினாள். நாற்றுகளில் தேறியது ஒன்றுதான். ஆனால் கோடை நடுவில் அதில் முழங்கை நீளத்துக்குக் குலைகள் தொங்கின. காம்போரத்துப் பழமும் நுனிப் பழமும் ஒரே நாளில் சிவந்தன. ஒரு குலையைத் தனியாளாகத் தின்று தீர்க்க முடியாது. அதனால் தெரு முழுக்கப் பங்கு போட்டாள்.

முதலில் வந்தது பல்வலி. பக்கத்து வீட்டு தோஜிஹோனுக்குக் கடைவாய்ப்பல் சொத்தை. தெருவே தாடையைப் பிடித்துக்கொண்டு திரிந்தது. அவள் பல்லைப் பிடுங்கியதும் எல்லோருக்கும் சரியாகிவிட்டது. அடுத்து தோஜிஹோனின் மருமகளுக்குப் பிரசவ வலி எடுத்தது. ஆண்கள் மரத்தடியில் உருண்டார்கள். மசூதிக்குப் போய்க்கொண்டிருந்த கிழவர் ஒருவர் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டு அழுதார். குழந்தை பிறந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் வாய்விட்டுச் சிரித்தார்கள். வலியோடு சிரிப்பும் வரும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

கொடி உயிரோடு இருக்கும்வரை இது விடாது என்று பேச்சு எழுந்தது. தோஜிஹோனின் கணவன் மண்வெட்டியோடு வந்து நின்றான்.

“வெட்டிப் போட்டுரு சுலைஹோ. அந்த வலி ஒருதரம் பட்டதே போதும்.”

“உன் பொண்டாட்டி ஆறுதரம் பட்டாளே, அவ வெட்டச் சொன்னாளா?”

அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனான்.

அந்தக் குளிர்காலத்தில் சுலைஹோ கொடியைச் சாகவிடவில்லை. பழைய ஜன்னல்களைக் கேட்டு வாங்கிவந்து, சுவரோரம் கண்ணாடிக் கூண்டு கட்டி, உள்ளே அடுப்பு வைத்தாள். தனக்கிருந்த ஒரே கம்பளியைக் கொடிக்குப் போர்த்திவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு தூங்கினாள். வசந்தம் வருவதற்குள் புதுக் குலை ஒன்று பழுத்தது. நுனியில் சில பழங்கள் போக மீதியைத் தெரு தின்றது. யாரும் தயங்கவில்லை. அதற்குள் பழகிவிட்டிருந்தது.

அந்த வசந்தத்தில்தான் பண்ணைத் தலைவர் எர்காஷின் உத்தரவு வந்தது. மேலிடம் கேட்ட பருத்தி வயலில் விளையாது. ஆகவே வீட்டுத் தோட்டங்களையும் வாசற்படிவரை உழுது பருத்தி விதைக்க வேண்டும். மற்றத் தெருக்களில் வெங்காயமும் கேரட்டும் ஏருக்கடியில் போயின. கடைசித் தெருவில் முதல் வீடு சுலைஹோவுடையது. டிராக்டர் வந்ததும் அவள் போய் ஈரமண்ணில் மல்லாந்து படுத்தாள். டிரைவர் யோல்தாஷ் அதே தெருக்காரன். இருக்கையில் இருந்தபடியே அவன் முதுகில் சேற்றின் சில்லிப்பு ஏறியது. அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது அவன் விலாவில் இடித்தது. எஞ்சினை நிறுத்தி இறங்கினான். “என் மேலயே நான் எப்படி ஏத்தறது?” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

மறுநாள் எர்காஷே வந்தார். கூட வெளியூர் டிரைவர் ஒருவன். தெரு மொத்தமும் வேலிக்கு அந்தப் பக்கம் கூடி நின்றது.

“ஏம்மா, ஒரு தக்காளிக் கொடிக்காக அரசாங்கத்தையே எதுக்கறியா?”

“எதுக்கறேன்” என்றாள் சுலைஹோ.

அவள் உள்ளே போய், நுனிப் பழங்களை வெங்காயத்தோடு மெல்லிசாகச் சீவி, மிளகாய் தூவி, ரொட்டியோடு கொண்டுவந்து அவர்முன் வைத்தாள்.

“இது என்னன்னு உங்களுக்குத் தெரியும். தெரியாம ஊட்டல. தின்னுட்டு உழுங்க. திங்க பயமா இருந்தா, டிராக்டரைத் திருப்பிக்கிட்டுப் போங்க.”

“பொம்பளைங்க கட்டற கதைக்கு நான் பயப்படறதா?” என்று எர்காஷ் நின்றபடியே தட்டைக் காலி செய்தார். ரொட்டியால் சாற்றையும் வழித்துத் தின்றார். பிறகு உழச் சொல்லக் கையைத் தூக்கினார். கை பாதியில் நின்றது. விரல் நுனியெல்லாம் வெடித்து எரிந்தது. முழங்கால் மடங்கியது. இடுப்பில் ஏதோ முறுக்கியதில் அப்படியே குனிந்துவிட்டார்.

“இது… இது யாரோட முதுகு?”

“என்னுதுதான் தலைவரே” என்றாள் தோஜிஹோன் வேலிக்கப்பாலிருந்து. “இருபது வருஷமா உங்க வயல்லதான் வளத்தேன். பத்திரமா வச்சுக்குங்க.”

வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்திக்குச் சிரிப்பு வெடித்தது. உடனே தெரு சிரித்தது. எர்காஷும் குனிந்த நிலையிலேயே, கண்ணில் நீர் வழிய, நிறுத்த முடியாமல் சிரித்தார். வெளியூர் டிரைவர் எதுவும் புரியாமல் டிராக்டரைப் பின்னுக்கு எடுத்தான்.

அந்தத் தெருவின் மண் உப்பு பிடித்தது, பருத்திக்கு ஆகாது என்று எர்காஷ் மேலிடத்துக்குச் சொன்னார். அவர் நல்லவராகிவிட்டார் என்று சொல்ல முடியாது. இலையுதிர் காலத்தில் பருத்தி எடுக்கப் பெண்களை வழக்கம்போலத்தான் விரட்டினார். ஆனால் நடுப்பகலில் அவரால் நிற்க முடியவில்லை. அதனால் எல்லோருக்கும் நிழலும் தேநீரும் ஓய்வும் கிடைத்தன. தோளை இழுக்கும் பருத்திப் பைகள் சிறிதாயின. மாசமாக இருப்பவர்கள் வயலுக்கு வரவேண்டாம் என்று அவரே அலறினார். கேட்ட பருத்தி சேரவில்லை. பதவி போயிற்று. தாஷ்கெண்டில் மகனுடைய நாலாம் மாடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அடுத்து வந்த தலைவர்கள் சுலைஹோவின் வீட்டு வாசலில் எதையும் வாங்கித் தின்னாமல் கவனமாக இருந்தார்கள். வாசலைத் தாண்டி உள்ளேயும் வரவில்லை. கொடி சுவர் ஏறி, கூரை ஏறி, தோஜிஹோனின் வீட்டுக் கூரைக்கும் போயிற்று.

எர்காஷ் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தாஷ்கெண்டில் தரையில் குப்புறப் படுத்துக் கிடந்தார். டாக்டர்கள் தட்டிப் பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றுமில்லை என்றார்கள். ஒரு வருஷம் மகனுக்குப் பொறுக்கவில்லை.

“அப்பா, நான் ஊருக்குப் போய் அந்தக் கொடியை வெட்டிட்டு வந்துடறேன்.”

“போடா வேலையப் பாத்துக்கிட்டு” என்றார் எர்காஷ், முகத்தைத் தரையிலிருந்து எடுக்காமல். “பருத்தி எடுக்கறவங்க கடைசி வரிசைக்கு வந்துட்டாங்க. கொஞ்ச நேரத்துல முடிச்சு உக்காருவாங்க. நீ தேநீருக்குத் தண்ணி வை.”

மகன் போய்த் தண்ணீர் வைத்தான். அது கொதிப்பதற்குள் எர்காஷ் எழுந்து, சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.