மரத்துக்காக வளைந்த தெரு

ஒல்லாந்து நாட்டு வெள்ளைக்காரர்கள் கோட்டையிலிருந்து ஏரித்துறைக்குத் தெரு போட வந்தபோது, அவர்கள் அளவுக்கு இழுத்த கயிறு மூன்று புன்னை மரங்களின் மேல் போனது. கோட்டைக்குப்பத்தார் வலை உலர்த்தியது அந்த மரங்களடியில்தான். படகுக்குப் பூசும் எண்ணெயும் அவற்றின் கொட்டையிலிருந்துதான்.

வேலையை நடத்திய வெள்ளைக்காரத் துரையிடம் பேச ஆண்கள் பயந்தார்கள். ஏரியில் கையால் துழாவி இறால் பிடிக்கும் திரௌபதி, ஈரப் புடவையோடு போய் நின்றாள்.

"மரத்த வெட்டாதீங்க சாமி. தெருவ கொஞ்சம் ஒதுக்கிப் போட்டா இன்னா கொறஞ்சிடும்?"

துபாஷி அதைத் துரையின் பாஷையில் மாற்றிச் சொன்னான். துரை தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். நிழல் அவருக்குப் பிடித்துவிட்டது.

"மரத்துமேல ஒரு கீறல் விழக்கூடாதாம். உத்தரவு" என்றான் துபாஷி.

அன்று குப்பமே அவளைக் கொண்டாடியது. அவள் புருஷன் நாகப்பன் கள்ளு குடித்துவிட்டு, எதிர்ப்பட்டவரிடமெல்லாம் அவள் பேசியதைப் பேசிக் காட்டினான்.

மறுநாள் கயிறு மேற்கே தள்ளிக் கிடந்தது. ஐந்து குடிசைகள் அதில் மாட்டின. முதல் குடிசை திரௌபதியுடையது.

அவள் துபாஷியின் காலில் விழுந்தாள். அவன் காலை இழுத்துக்கொண்டான்.

"குடிசைய எங்க வேணா கட்டிக்கலாம். மரத்த அப்பிடி நட முடியுமா? ஒதுக்கிப் போடச் சொன்னதே நீதானே?"

"உன் வாயாலதான்டி எங்க வூடு போச்சு" என்று பக்கத்துக் குடிசைப் பச்சையம்மா அவள் முகத்தில் மண்ணை வாரி இறைத்தாள்.

மத்தியானம் காவலுக்கு நின்ற கோட்டைச் சிப்பாய்கள் சாப்பிடப் போனதும் திரௌபதி கோடாலியை எடுத்தாள். மரம் போனால் தெரு பழையபடி நேராகப் போகும் என்பது அவள் எண்ணம். நாலு வெட்டு விழுவதற்குள், கிழக்கே வீடிருந்ததால் தப்பிய பெரியசாமி பார்த்துவிட்டான். குப்பத்துக்கே அடி விழும் என்ற பயத்தில் கூச்சலிட்டான். நாகப்பன் ஓடிவந்து கோடாலியைப் பிடுங்கவும் சிப்பாய்கள் வரவும் சரியாக இருந்தது.

"நான்தான் வெட்டினேன்" என்றான் நாகப்பன்.

அவனை மரத்தில் கட்டப் போனார்கள். பட்டை உரியும் என்று துரை தடுத்தார். கல் ஏற்றி வந்த வண்டிச் சக்கரத்தில் கட்டினார்கள். சவுக்கைப் பெரியசாமி கையில் கொடுத்தார்கள்.

"மெதுவா அடிச்சா அடுத்தது நீதான்" என்றான் துபாஷி.

முதல் அடி மெதுவாக விழுந்தது. பிறகு பெரியசாமி கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். வலத்தோள் சதை கிழிந்து எலும்பு தெரிந்தது. "நைனா! நைனா!" என்று எப்போதோ செத்துப்போன அப்பனைக் கூப்பிட்டு அலறினான் நாகப்பன்.

திரௌபதி வாயைத் திறந்தாள். முந்தானையை அதில் திணித்துக்கொண்டாள்.

"யாரு வெட்டினதுன்னு சொல்லேன்டி" என்றாள் பச்சையம்மா, அவள் காதோரம்.

திரௌபதி சொல்லவில்லை.

வெட்டுப்பட்ட இடத்தில் சாணியும் களிமண்ணும் அப்பி, மரத்துக்குத் துணியால் கட்டுப் போட்டார்கள். நாகப்பனை அவிழ்த்துவிட்டுக் குடிசைகளைப் பிரிக்கப் போனார்கள்.

புருஷன் பெண்டாட்டி இருவரும் சுண்ணாம்புக்குளம் என்ற ஊருக்குப் பிழைக்கப் போனார்கள். அதன்பின் அவன் வலது கை வலை வீச எழவேயில்லை. அவள் இறால் பிடித்து வந்து ஆக்கினாள், அவனுக்கு ஊட்டினாள்.

ஒருநாள் ஊட்டும்போது ஆரம்பித்தாள்: "அன்னிக்கி நான்தான் வெட்டினேன்னு வாயத் தொறந்து..."

"சோத்தப் போடு" என்றான் அவன்.

அவள் அடுத்த கவளத்தை உருட்டினாள்.